வேட்பு மனு: ஒரு குடிமைப் பாடம்

முன்னுரை

தேர்தல் என்றவுடன் வாக்குச் சாவடியும், நீண்ட வரிசையும், விரலில் இடும் மையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வாக்காளர் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், தேர்ந்தெடுக்கப்படத் தக்கவர் சிலர் முதலில் முன்வர வேண்டும். அவ்வாறு முன்வருவதன் அடையாளமே வேட்பு மனு. நான் வாழும் சேலம் ஃபேர்லேண்ட்சில் சாக்கடை பற்றியும் தெருவிளக்கு பற்றியும் பேசாத வீடு இல்லை. எனினும், அவற்றைக் கவனிக்கும் மாமன்றத்திற்கு ஒருவர் எவ்வாறு போட்டியிடுகிறார் என்று கேட்டால், படித்தவர்களும் விடை கூறத் தயங்குகின்றனர். அரசியல் அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில், அந்தச் சிறு தாளைப் பற்றி இங்கே எழுத விழைகின்றேன்.

சேலத்தின் மரபு

சேலம் நகராட்சி 1866-ஆம் ஆண்டில் தோன்றியது. 1994-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. இந்நகரின் மன்றத்தில் அமர்ந்தோர் சிறியோர் அல்லர். சேலம் விஜயராகவாச்சாரியார் 1882-இல் நகர்மன்ற உறுப்பினரானார். அதே ஆண்டில் நிகழ்ந்த கலவரத்தின் தொடர்பாக அவர்மீது குற்றம் சாட்டப்பெற்று, பின்னர் அவர் விடுதலை பெற்றார். உறுப்பினர் பதவியிலிருந்து தம்மை நீக்கியது முறையன்று என்று கருதிய அவர், இந்தியாவுக்கான செயலரையே எதிர்த்து வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றத்தில் வென்றார். நகர்மன்றப் பதவி அரசு விருப்பப்படி கொடுத்து எடுக்கும் பரிசன்று, அது ஓர் உரிமை என்பதை இவ்வழக்கு நமக்கு உணர்த்துகின்றது. பின்னாளில் இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கிய இராஜாஜியும், 1917 முதல் 1919 வரை இந்நகராட்சியின் தலைவராகப் பணியாற்றியவரே.

குடவோலையும் வேட்பு மனுவும்

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபைத் தேர்தலுக்கு வகுத்த தகுதிகளை விரிவாகக் கூறுகின்றன. கி.பி. 921-ஐச் சார்ந்த கல்வெட்டின்படி உறுப்பினரின் வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர்.

இன்றைய முறைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு சிந்திக்கத் தக்கது. அன்று நிலமும் மனையும் உடையவனே தகுதி பெற்றான். இன்று நிலமற்ற கூலித் தொழிலாளியும் நிற்கலாம். அன்று ஓலை ஆளைத் தேடி வந்தது. இன்று ஆள்தான் மனுவைத் தேடிச் செல்ல வேண்டும். உரிமை விரிந்திருக்கிறது, அதனுடன் முயற்சியும் நம்மைச் சார்ந்ததாகிவிட்டது.

யார் போட்டியிடலாம்?

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு உறுதியான சட்ட அடிப்படையை அளித்தது. அதன்படி 21 வயது நிரம்பியவர் நகர்மன்றத் தேர்தலில் நிற்கலாம். சட்டமன்றத்திற்கு 25 வயது வேண்டும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கல்லூரியில் முதுகலை பயிலும் மாணவருள் பலர் இன்றே இத்தகுதி உடையவர்கள்!

வேட்பாளரின் பெயர் அம்மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். அவரை முன்மொழிபவரோ, போட்டியிடும் வார்டிலேயே வாக்காளராக இருத்தல் வேண்டும். சாலையின் ஒருபுறம் ஒரு வார்டாகவும் எதிர்ப்புறம் மற்றொரு வார்டாகவும் பிரிந்திருப்பது நகரங்களில் இயல்பு. ஆகவே எதிர்வீட்டு நண்பர் என்பதால் மட்டும் ஒருவர் முன்மொழியத் தகுதி பெற்றுவிட மாட்டார். பட்டியலில் அவருடைய பாக எண்ணையும் வரிசை எண்ணையும் பார்த்துக் குறிப்பது முதற்கடமை.

2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் மாநகராட்சி வார்டு ஒன்றிற்கு வைப்புத்தொகை 4,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2,000 ரூபாய். தனித்தொகுதியாயின் சாதிச் சான்றிதழும் தேவை. தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைக் கூறும் உறுதிமொழி ஆவணத்தையும் வேட்பாளர் இணைக்க வேண்டும். உத்தரமேரூரில் கேட்ட கணக்கின் இன்றைய வடிவமே இது என்பது என் கருத்து.

கால எல்லையும் குறுகியதே. அத்தேர்தலில் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுக்கள் பெறப்பட்டன. 5-ஆம் நாள் பரிசீலனை. 7-ஆம் நாள் மனுவைத் திரும்பப் பெறும் இறுதி நாள். 19-ஆம் நாள் வாக்குப்பதிவு. ஒருவருடைய ஐந்தாண்டு எண்ணம் ஒரே நாள் பரிசீலனையில் முடிவாகிறது.

நாமக்கல் தந்த தீர்ப்பு

அந்தப் பரிசீலனையில் மனு தள்ளப்பட்டால் என் செய்வது? இக்கேள்விக்கு இந்தியா முழுமைக்கும் விடை தந்தது நம் பக்கத்து நாமக்கல்தான். நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. முதற் பொதுத் தேர்தலின்போது அத்தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்திற்குப் போட்டியிட என்.பி. பொன்னுசாமி என்பவர் மனுச் செய்தார். 1951 நவம்பர் 28 அன்று தேர்தல் அதிகாரி அம்மனுவைத் தள்ளுபடி செய்தார். அவர் உயர்நீதிமன்றத்தை நாடினார், பயனில்லை. உச்சநீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்தார். 1952 ஜனவரி 21 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தேர்தல் என்பது வாக்குப்பதிவு மட்டுமன்று. அறிவிப்பு முதல் முடிவு வரை உள்ள நடவடிக்கை முழுவதும் தேர்தலே. எனவே மனுவைத் தள்ளியது தவறாயினும், தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனு மூலமாகத்தான் முறையிட முடியும். இடையில் நீதிமன்றம் தலையிடாது. இதுவே அத்தீர்ப்பின் சாரம். இடையிடையே வழக்குகள் எழுந்தால் தேர்தல் உரிய காலத்தில் முடியாது என்பது அதன் காரணம். நகராட்சித் தேர்தலுக்கும் இதே நெறியை 74-ஆவது திருத்தம் 243-இசட்.ஜி பிரிவில் வகுத்துள்ளது.

காரணம் நியாயமானதே. ஆயினும் தனி மனிதனுக்கு இதன் விளைவு கடுமையானது. தவறாக மூடப்பட்ட கதவு, விருந்து முடிந்த பிறகே திறக்கப்படும். பெரிய கட்சிகளின் வேட்பாளருக்கு வழக்கறிஞர் உண்டு; மாற்று வேட்பாளரும் உண்டு. தனித்து நிற்கும் எளியவருக்கோ தம் கவனம் ஒன்றே காவல். ஆதலால் கடைசி நாள் வரை காத்திராமல் மனுவைக் கொடுத்தலும், பரிசீலனையின்போது நேரில் இருத்தலும் சடங்குகள் அல்ல. உரிமையைக் காக்கும் வேலிகள்.

மன்றமில்லா ஆண்டுகள்

வேட்பாளர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் போதாது, அரசும் கவனமாக இருத்தல் வேண்டும் என்பதற்கு 2016 சான்று. அவ்வாண்டு அக்டோபர் 3-இல் மனுத்தாக்கல் முடிந்தது. மறுநாளே, இடஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்று கூறிச் சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை நீக்கியது. அளித்த மனுக்கள் அனைத்தும் பயனற்றுப் போயின. அதன்பின் 2022 வரை, ஐந்தாண்டுகளுக்கும் மேலாக, தமிழக நகரங்களைத் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். அலுவலர் திறமையாளராக இருக்கலாம். ஆனால் குடிநீர் வராத காலையில் வாசற்கதவைத் தட்டிக் கேட்க நமக்கு உறுப்பினர் இல்லை.

அந்த இடைவெளிக்குப் பின் வந்த 2022 தேர்தலில் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பெற்றிருந்தன. சேலத்தின் 60 வார்டுகளுக்கும் உறுப்பினர் வந்தனர். சென்னையில் 28 வயதான ஆர். பிரியா மேயரானார், கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டுநரான க. சரவணன் மேயரானார். இவர்களும் முதலில் ஒரு மனுவில் கையொப்பமிட்டவர்களே.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நாம் அனைவரும் தேர்தலில் நிற்கப் போவதில்லை, நிற்கவும் வேண்டியதில்லை. ஆனால் நம் வார்டின் எண்ணையும், எல்லையையும், அது யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதையும் நாம் அறிந்திருக்கலாம். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் சரியாக உள்ளதா என்று பார்க்கலாம். நல்லவர் ஒருவர் முன்வரத் தயங்கும்போது, அவருடைய படிவத்தை நிரப்பித் தரலாம். அவரை முன்மொழிந்து கையொப்பமும் இடலாம். வாக்களிப்பது, இருப்போருள் ஒருவரைத் தேர்வது. மனுவோ, அந்த இருப்போர் யார் என்பதையே முடிவு செய்வது. அந்த முதல் முடிவைப் பிறரிடம் விட்டுவிட்டுப் பின்னர் நல்லவர் இல்லையே என்று வருந்துவது, விதைக்காத நிலத்தில் அறுவடையைத் தேடுவதாகும்.