குளுக்கோமா சத்திரசிகிச்சைக்குப் பிறகு வேலைக்கும் மைதானத்துக்கும்

1999 செப்டம்பரில் பெல்ஜியத்துக்கு எதிராக நெதர்லாந்து ஆடிய கால்பந்துப் போட்டியில் எட்கர் டேவிட்ஸ் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியோடு களமிறங்கினார். வலது கண்ணில் குளுக்கோமா. அந்த ஆண்டில்தான் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அதன் பிறகும் யுவென்டஸ், பார்சிலோனா, இன்டர் மிலான் என்று பல ஆண்டுகள் ஆடினார். அந்தக் கண்ணாடியே அவருடைய அடையாளமாகிவிட்டது.

கண்டியில் உடற்கல்வி ஆசிரியராகவோ, பயிற்றுநராகவோ, மாலையில் மட்டை தூக்குகிற வங்கி ஊழியராகவோ இருந்து, இந்தச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: விளையாட்டு முடிந்துபோகவில்லை. ஆனால் திரும்பும் நாளை விடுமுறைக் கடிதத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். கிளினிக் கொப்பியில் எழுதப்படும் கண் அழுத்த எண்ணைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

காரணம் இருக்கிறது. மற்றச் சத்திரசிகிச்சைகளில் வெட்டிய இடம் முழுதாக ஆறி மூட வேண்டும். டிரபெகுலெக்டமி எனப்படும் குளுக்கோமா சத்திரசிகிச்சையில் திறந்த வழி திறந்தே இருக்க வேண்டும். கண்ணுக்குள் தேங்கும் நீர் வெளியேற, வெள்ளைவிழியில் சின்னஞ்சிறு மடல் ஒன்றை வெட்டி வழி செய்கிறார்கள். அந்த நீர் மேல் இமைக்கடியில் மெல்லிய கொப்புளம் போல் சேர்ந்து உடலுக்குள் உறிஞ்சப்படுகிறது. சாதாரணமாகக் கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்கும். முதல் வாரங்களில் அது 5க்கும் கீழே போகலாம். அந்த நிலையில் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினாலோ, குனிந்து முக்கினாலோ கண்ணின் உள்ளே இரத்தம் கசியக்கூடும். அதனால்தான் மலச்சிக்கலுக்கும் கடும் இருமலுக்கும்கூட வைத்தியர் மருந்து எழுதுகிறார். அதைச் சிறிய விஷயமாக நினைத்து விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று. சில வாரங்கள் கழித்து வைத்தியர் ஒரு தையலை லேசரால் தளர்த்தலாம். அன்றைக்கு அழுத்தம் சட்டென்று இறங்கும். 'ஒரு மாதம் ஓடிவிட்டது' என்று அன்று மாலையே ஜிம்முக்குப் போனால் கண்ணுக்கு அது முதல் நாள் மாதிரித்தான். ஒவ்வொரு கிளினிக்கிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இன்றைய அழுத்தம் எவ்வளவு? தையல் ஏதும் தளர்த்தினீர்களா? கொப்புளத்தில் கசிவு உண்டா?

வேலைக்கு வருவோம். மேசை வேலைக்குப் பெரும்பாலானோர் இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம். தூசியும் பாரமும் உள்ள வேலைக்கு நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். கலஹா, தெல்தோட்டைப் பக்கம் கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் குனிந்து ஏறுகிற அக்காவுக்கு, வங்கியில் இருப்பவருக்குக் கொடுக்கிற அதே விடுமுறை போதாது. 'ஓய்வு தேவை' என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்தத் தோட்ட நிர்வாகமும் இலகுவேலை தராது. ஆகவே வைத்தியரிடம் கேட்டு, செய்யக்கூடாதவற்றை அப்படியே எழுதி வாங்குங்கள்: எவ்வளவு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, எதுவரை குனிந்து வேலை செய்யக்கூடாது, மருந்து தெளிக்கும் இடத்துக்கு எதுவரை போகக்கூடாது. உடற்கல்வி ஆசிரியர்கள் 'பந்து வீச்சுப் பயிற்சியில் நிற்கக்கூடாது' என்பதையும் சேர்த்து எழுதி வாங்கலாம். அதிபருக்கும் அது வசதி, பதிலாள் போட்டுவிடுவார். முதல் மாதத்தில் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கும். தொலைவில் இருப்பவர்கள் நகரில் உறவினர் வீட்டில் தங்க முடியுமானால் தங்குவது நல்லது.

ஆட்டோ, பஸ் ஓட்டுபவர்கள் பக்கப்பார்வைப் பரிசோதனை செய்யாமல் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். குளுக்கோமா முதலில் தின்பது பக்கப்பார்வையைத்தான். தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தில் சான்றிதழ் எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள்.

விளையாட்டில் முதலில் நடை. கண்டி வாவியைச் சுற்றிவரச் சுமார் மூன்று கிலோமீற்றர். அந்தச் சுற்று போதும். வேகநடை கண் அழுத்தத்தைக் குறைக்கவும் செய்யும். அழுத்தம் நிலையான பிறகு மெல்லோட்டமும் சைக்கிளும். பாரம் தூக்குவதை வைத்தியர் அனுமதித்த பிறகு, மூச்சை அடக்காமல், சிறிய எடையில் தொடங்குங்கள். சிரசாசனம் இனி ஒருபோதும் வேண்டாம். சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கையில் கண் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவது பதிவானது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலிலோ மாத்தளைத் தேரிலோ நாகஸ்வரம் வாசிப்பவர்களும் வைத்தியரிடம் தொழிலைச் சொல்லியே ஆக வேண்டும். எதிர்ப்பு அதிகமுள்ள குழலை ஊதும்போதும் அழுத்தம் ஏறும்.

நீர்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். பீலியில் தலையைக் கொடுத்துக் குளிப்பதும் மகாவலியில் இறங்குவதும் ஆரம்ப வாரங்களில் கூடவே கூடாது. தலைக்கு ஊற்றுவதென்றால் சலூனில் கழுவுவதுபோல் பின்பக்கம் சாய்ந்து ஊற்றிக்கொள்ளுங்கள். நீச்சல் தடாகத்துக்கு வைத்தியர் அனுமதித்தாலும் கண்குழியை அழுத்தும் சின்னக் கண்ணாடி வேண்டாம், முகத்தில் அகலமாகப் பதியும் வகையே நல்லது. கொப்புளத்தின் தோல் மெல்லியது. கிருமி உள்ளே போகும் ஆபத்து ஆண்டுகள் கழித்தும் தீராது. கண் சிவந்து, பீளை கட்டி, வலித்து, பார்வை மங்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே, இரவானாலும், வைத்தியசாலைக்குப் போங்கள்.

பந்து ஆட்டங்களில் ஆபத்தைப் பந்தின் பருமன் சொல்லும். இறகுப்பந்தின் அடித் தக்கை 25 முதல் 28 மில்லிமீற்றர் குறுக்களவு கொண்டது. கண்குழியின் எலும்பு விளிம்பு அதைத் தடுக்காது, தக்கை நேரே விழியில் வந்து மோதும். ஸ்குவாஷ் பந்தும் அப்படியே. ஆகவே இறகுப்பந்தாட்டத்துக்குத் திரும்புவதானால் பொலிகாபனேட் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சாதாரண மூக்குக்கண்ணாடி உடைந்து கண்ணுக்குள்ளேயே போகும். கிரிக்கெட்டில் முகக்கம்பியுள்ள ஹெல்மெட் போட்டாலும் பந்து நுழையாத இடைவெளிதானா என்று பாருங்கள். விக்கெட் காப்பாளர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: 2012இல் டோன்டனில் கண்ணில் பெயில்ஸ் பட்டு, தென்னாபிரிக்காவின் மார்க் பௌச்சரின் சர்வதேச வாழ்க்கையே முடிந்தது. நித்தவளையில் றக்பி ஆடுகிறவர்களுக்கு என் கருத்து கண்டிப்பானது. இந்தக் கண்ணோடு மோதல் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டாம். தொடு றக்பி இருக்கிறது, பயிற்றுநர் வேலை இருக்கிறது, மத்தியஸ்தம் இருக்கிறது.

சொட்டு மருந்தைப் பற்றியும் பயிற்றுநரிடம் சொல்லிவையுங்கள். டிமோலோல் என்ற சொட்டு மருந்து இதயத்துடிப்பை மந்தமாக்கும். ஓடும்போது வழக்கத்தைவிட விரைவில் களைப்பு வரலாம். இழைப்பு நோய் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்புக்குள் இறங்குவது வெகுவாகக் குறையும். வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் வீரர்களுக்கு டிமோலோல் தடைசெய்யப்பட்ட மருந்து. கண் அழுத்தத்தைக் குறைக்கத் தரும் அசெட்டசோலமைட் மாத்திரை எல்லா விளையாட்டிலும் தடை. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்பே இலங்கை ஊக்கமருந்து தடுப்பு முகவரகத்தில் சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தோடு கண் நிபுணரின் கடிதமும் அழுத்தப் பதிவுகளும் கேட்பார்கள். கிளினிக் கொப்பியின் பிரதியைக் கையில் வைத்திருங்கள்.