கோடையில் வண்டி ஏன் நிற்கிறது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பஞ்சபூதத் தலங்களுள் நம் திருவண்ணாமலை அக்கினித் தலம். சித்திரை, வைகாசி மாதங்களில் மதிய வேளையில் சாலையில் நடப்பவர்க்கு இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்த வேளையில் மொபெட்டையோ பழைய ஆட்டோவையோ தள்ளிக்கொண்டு செல்பவர் ஒருவரையாவது நாம் காண்கிறோம். டேங்கில் பெட்ரோல் இருக்கும். காலையில் நன்றாக ஓடிய வண்டியாகவும் இருக்கும். கேட்டால் "ஏர் லாக்" என்பார். அல்லது "வண்டிக்கு வயசாயிடுச்சு" என்பார். இந்நிகழ்ச்சிக்குப் பின்னால் உள்ள இயற்பியலையும், அதை அறிந்தால் நமக்குக் கிடைக்கும் பயனையும் இக்கட்டுரையில் காண்போம்.

பெட்ரோலின் இயல்பு

தண்ணீருக்குக் கொதிநிலை ஒன்று. 100 டிகிரி செல்சியஸ். பெட்ரோலுக்கு அப்படி ஒரே கொதிநிலை கிடையாது. அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் இலேசானவை 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். குளிர்ந்த காலையில் ஓர் உதையில் வண்டி கிளம்புவதற்கு இலேசான பகுதியே காரணம். கோடை மதியத்தில் வண்டி நிற்பதற்கும் அதே பகுதிதான் காரணம் என்பது வியப்புக்குரியது.

ஒரு திரவத்தின் ஆவி அழுத்தம் வெளி அழுத்தத்திற்குச் சமமாகும்போது அது கொதிக்கிறது என்று முதலாண்டில் படித்தோம். பெட்ரோலின் ஆவி அழுத்தத்தை 37.8 டிகிரி வெப்பநிலையில் அளப்பது வழக்கம். இதற்கு ரீடு ஆவி அழுத்தம் என்று பெயர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு இது 60 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது. வளிமண்டல அழுத்தமோ ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். அப்படியானால் பெட்ரோல் எந்த வெப்பநிலையில் 101ஐத் தொடும்? கிளாசியஸ் – கிளாப்பிரான் சமன்பாட்டில், ஆவியாதல் வெப்பத்தை மோலுக்கு 30 கிலோஜூல் என்று தோராயமாகக் கொண்டு கணக்கிட்டேன். விடை சுமார் 52 டிகிரி. காற்றே 40 டிகிரியில் இருக்கும் நாளில், எஞ்சினை ஒட்டிய ரப்பர்க் குழாய் 52 டிகிரியை எட்டுவது பெரிய காரியமன்று.

தர நிர்ணயம் செய்தோரும் இதை மறக்கவில்லை. எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு ஆவியடைப்புக் குறியீடு என்ற ஓர் எண்ணை வகுத்தனர். ரீடு அழுத்தத்தைப் பத்தால் பெருக்க வேண்டும். 70 டிகிரிக்குள் ஆவியாகும் பகுதியின் விழுக்காட்டை ஏழால் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்ட வேண்டும். கோடையில் இத்தொகை 750க்கு மேற்படக் கூடாது. பிற மாதங்களில் 950 வரை இருக்கலாம். சான்றாக, அழுத்தம் 55, ஆவியாகும் பகுதி 25 விழுக்காடு என்றால், 550 + 175 = 725. இது கோடைக்கு ஏற்றது. கோடைக்கு ஒரு பெட்ரோல், குளிர்காலத்திற்கு ஒரு பெட்ரோல் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

இன்று நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனாலும் உண்டு. 2025இல் நாட்டில் 20 விழுக்காடு கலப்பு எட்டப்பட்டது. தனி எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரி. ஆயினும் பெட்ரோலோடு சிறிதளவு கலக்கும்போது கலவையின் ஆவி அழுத்தம் குறையாமல் சற்றே கூடுகிறது. ரௌல்ட் விதியிலிருந்து விலகும் கலவைகள் என்று வேதியியல் துணைப்பாடத்தில் படித்தோமே, அதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அதில் நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது என்று கொள்ளலாம். மீதி சைலன்சர் வழியாகவும், சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகள் வழியாகவும் வெளியேற வேண்டும். வண்டி வேகமாக ஓடினால் எதிர்க்காற்று அவ்வெப்பத்தைக் கொண்டுபோகும். மெதுவாக, பாரத்தோடு, மேடேறினால் வெப்பம் மிகும், காற்றோ குறையும்.

மேல்நாடுகளில் மணலிலும் சேற்றிலும் ஓட்டும் ஏ.டி.வி. என்னும் வண்டிகளுக்கு இத்தொல்லை மிகுதி. 1970இல் ஹோண்டா மூன்று சக்கர வண்டியையும், 1982இல் சுசுகி நான்கு சக்கர வண்டியையும் கொண்டுவந்தன. சென்னை மெரினா மணலில் காவல்துறையினர் ரோந்து செல்வதும் இவ்வகை வண்டியில்தான். எஞ்சின், சைலன்சர், பெட்ரோல் டேங்க் மூன்றும் நெருங்கி இருக்கும். மணலில் வேகம் குறைவு. எஞ்சினுக்கோ உழைப்பு அதிகம். போதாக்குறைக்குச் சேறு வேறு காற்று வழியை அடைத்துக்கொள்ளும்.

நம் ஊரில் இதே நிலையில் ஓடுபவை பால்கேன் கட்டிய மொபெட்டுகளும், பௌர்ணமி நாளில் தற்காலிகப் பேருந்து நிலையங்களிலிருந்து கூட்டத்தினூடே ஊர்ந்து வரும் ஆட்டோக்களும் ஆகும். பெயர் வேறு, நோய் ஒன்றே.

ஜவ்வாது மலை ஏறும்போது வண்டி நின்றால், "உயரம் போனால் அப்படித்தான்" என்பார்கள். இதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். அம்மலையில் காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகம் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் சுமார் 93 கிலோபாஸ்கல். பெட்ரோலின் கொதிநிலை இதனால் குறைவது இரண்டு டிகிரி அளவே. ஆகவே குற்றத்தில் உயரத்தின் பங்கு சிறிது; முதல் கியரில் மூச்சு வாங்க ஏறும் ஏற்றத்தின் பங்கே பெரிது.

நின்ற பிறகு நடப்பது

டேங்கிலிருந்து கார்பரேட்டருக்குப் பெட்ரோல் தன் எடையால் இறங்கி வருகிறது. குழாயில் ஆவிக்குமிழி உண்டாகி, குழாயும் மேல்நோக்கி வளைந்திருந்தால், குமிழி அங்கே தங்கிவிடும். திரவம் அதைத் தள்ளிக்கொண்டு வர முடியாது. இதுவே ஆவியடைப்பு. "ஏர் லாக்" என்று நாம் சொன்னாலும், அடைத்திருப்பது காற்றன்று, பெட்ரோலின் ஆவியே.

இன்னொன்றும் நிகழ்வதுண்டு. கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்துப் பொங்கி எஞ்சினுக்குள் வழிந்துவிடும். முன்னதில் எஞ்சின் பட்டினி, பின்னதில் அஜீரணம். ஒரே வெப்பம் இரண்டு எதிரெதிரான கோளாறுகளைத் தருகிறது.

டீக்கடையில் ஐந்து நிமிடம் நிறுத்திய வண்டி கிளம்ப மறுப்பதும் இதனாலேயே. நிறுத்தியவுடன் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. சூடான சிலிண்டரிலிருந்து வெப்பம் கார்பரேட்டருக்கு ஏறுகிறது. ஆகவே முதல் சில நிமிடங்களில் கார்பரேட்டர் ஆறுவதில்லை; மேலும் சுடுகிறது. சுமார் அரை மணி நேரம் நிழலில் விட்டால்தான் பயன் உண்டு.

நோய் நாடி

என் தந்தையார் தண்டராம்பட்டுச் சாலையில் மாலைதோறும் மொபெட்டில் பால் கொண்டுசெல்பவர். குறித்த நேரத்திற்குள் சேராவிட்டால் பாலை எடுக்க மாட்டார்கள். வீட்டில் தயிர்தான் மிஞ்சும். சென்ற கோடையில் வண்டி வழியில் நிற்கத் தொடங்கியது. ஒரு பட்டறையில் கார்பரேட்டரை மாற்றினார்கள். இரண்டு வாரப் பால்பணம் அதில் போயிற்று. ஆயினும் வண்டி நின்றது. பிறகு ஒரு நாள், நின்ற இடத்திலேயே நானும் அவரும் வரிசையாகச் சோதித்தோம். அவ்வரிசையை இங்கே தருகிறேன்.

முதலில், டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பின் வண்டி கிளம்பினால், மூடியின் சிறுதுளை அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசியால் தீரும் குறை இது.

இரண்டாவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வழிந்திருக்கிறது. சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை முழுதும் திருகி உதைக்க வேண்டும்.

மூன்றாவது, பிளக் உலர்ந்திருந்தால் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பொறி இல்லையென்றால் காயிலோ வயரிங்கோ சூட்டில் செயலிழக்கிறது; அது மின்கோளாறு. இச்சோதனையைச் சிந்திய பெட்ரோலுக்கு அருகில் செய்வது ஆபத்து.

நான்காவது, பொறி நன்றாக இருந்தால், எஞ்சின் சற்று ஆறியபின் மிதவைக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வராமலோ, குமிழியோடு விட்டுவிட்டோ வந்தால் அது ஆவியடைப்பு.

எங்கள் வண்டியில் நான்காவதே விடையாயிற்று. பெட்ரோல் குழாய் தேவைக்கு மேல் நீண்டு, வளைந்து, சிலிண்டரின் மேல் சாய்ந்து கிடந்தது. அதை அளவாக வெட்டி, ஒரே சரிவாக வரும்படி தள்ளிக் கட்டினோம். தகடுகளுக்கு இடையே படிந்திருந்த மண்ணையும் சுரண்டி எடுத்தோம். செலவு ஒரு கிளிப்பின் விலை. "ஏம்பா, இதுகூடவா உங்க பொஸ்தகத்துல கீது?" என்று கேட்டார். ஆவி அழுத்தம் என்ற அத்தியாயத்தைக் காட்டினேன். அதன்பின் அக்கோடையில் வண்டி ஒரு முறை நின்றது; அதற்குக் காரணம் தேய்ந்த பிளக்.

காக்கும் வழிகள்

டேங்கில் பெட்ரோலைச் சொட்டு வரை இறங்க விடலாகாது. குறைந்த அளவு திரவம் விரைவில் சூடேறும். வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். எரிகலவையில் பெட்ரோல் மிகவும் குறையும்படி திருகி வைத்தாலும் எஞ்சின் மிகையாகச் சூடேறும். மைலேஜ் ஆசையில் பலர் இதைச் செய்கின்றனர்.

வழியில் நின்றால் எஞ்சின் மீது தண்ணீரை ஊற்றக் கூடாது. திடீரெனச் சுருங்கி உலோகம் விரிசல் விடலாம். பெட்ரோல் குழாயின் மீது ஈரத்துணியைச் சுற்றலாம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும் அதே உள்ளுறை வெப்பம்தான்.

2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் வந்த இரு சக்கர வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்பரேட்டர் இல்லை. டேங்கினுள் இருக்கும் பம்பு வளிமண்டலத்தைப் போல் சுமார் மூன்று மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். குக்கரில் நாம் காண்பது இதுவே. ஆனால் நம் கிராமங்களில் பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

முடிவுரை

நம்முள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நாம் எழுதும் சமன்பாடுகள் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுமோ என்ற ஐயம் வீட்டாருக்கு உண்டு; சில வேளை நமக்கும் உண்டு. ஓர் எளிய சோதனை வரிசையை அறிந்திருந்தால், தேவையற்ற உதிரிப்பாகத்திற்குப் போகும் ஒரு பால்காரரின் பணம் மிஞ்சும். அடுத்த கோடைக்கு முன் நண்பர்கள் தத்தம் வீட்டு வண்டியின் பெட்ரோல் குழாய் எவ்வழியே செல்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டுகிறேன்.