நாணயத்திற் புத்தர் திருவுருவம்

நாணயமென்பது பலர் கைப்பட்டு உழல்வது. சந்தையிற் புழங்கும், தரையில் வீழும், மதுக்கடையிலும் மாறும். அத்தகைய பொருளில் ஒரு சமயத்தார் போற்றும் திருவுருவைப் பொறித்தல் தகுமோ? பௌத்த நாடுகளின் ஞாபகார்த்த நாணயங்களை நோக்குவார்க்கு இவ்வினா இயல்பாகவே எழும்.

பொறித்தோர் பண்டே உளர். கி.பி. 2ஆம் நூற்றாண்டிற் குஷான வேந்தன் கனிஷ்கன் வெளியிட்ட பொற்காசுகள் சிலவற்றில், ஒருபுறம் அரசன் தீ வளர்க்கும் பீடத்தருகே நிற்கின்றான்; மறுபுறம் புத்தர் ஒளிவட்டத்துடன் வலக்கையை உயர்த்தி நிற்கின்றார். அருகே கிரேக்க எழுத்திற் 'பொத்தோ' என்று அவர் பெயர். அதற்கு முன்னர்ச் சாஞ்சியிலும் பர்ஹூத்திலும் பணிசெய்த சிற்பிகள் அவரைச் சக்கரமாகவும் போதிமரமாகவும் அடிச்சுவடாகவுமே காட்டினராதலின், இக்காசு கலைவரலாற்றில் அருமையானது. ஆயினும் இதனைப் பக்தியின் பயனென்று கொள்ள யான் தயங்குகின்றேன். அம்மன்னனுடைய பிற காசுகளில் ஈரானியத் தெய்வங்களும் சிவனையொத்த ஒரு தெய்வமும் அதே இடத்தில் நிற்கின்றன. புத்தர் காசுகளோ மிகச் சில. பல சமயத்தாரை ஆண்ட அரசனது ஆட்சிப் பரப்பே அங்குப் பேசுகின்றது.

இலங்கை வேறு வழி கண்டது. புத்தர் பரிநிர்வாணமெய்தி 2500 ஆண்டு நிறைந்தமைக்காக 1957ஆம் ஆண்டிட்டு வெளியான வெள்ளி 5 ரூபாயிலும், செப்பும் நிக்கலும் கலந்த 1 ரூபாயிலும் புத்தர் உருவம் இல்லை. நடுவே 2500 என்னும் எண்; அதனைச் சூழ விலங்குகளின் வட்டம். அவ்வளவே. அநுராதபுரத்து விகாரைகளின் படிக்கட்டடியில் அரைவட்டமாகக் கிடக்கும் சந்திரவட்டக்கல்லைக் கண்டார்க்கு இக்கோலம் புதிதன்று. அக்கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும், உள்ளே அன்னவரிசை, நடுவிற் றாமரை. பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்பவற்றையே அந்நான்கு விலங்குகளும் குறிக்குமென்று பேரறிஞர் பரணவிதான பொருள் கூறினார்.

கருதத்தக்கது யாதெனின், அக்கல் வணங்குதற்கு வைத்ததன்று. மிதித்து உட்செல்லுதற்கு இட்டது. பலர் அடிபடும் கல்லின் கோலத்தைப் பலர் கைபடும் காசுக்கு எடுத்தமை மிகப் பொருத்தமென்பது என் கருத்து. திருவுருவம் கோயிலினுள்ளே இருக்க, வாயிற்படி மட்டும் சந்தைக்கு வந்தது.

எனினும் மிதிகல்லிலும் இவ்வையம் முன்னரே எழுந்ததுண்டு. பிற்காலத்துப் பொலன்னறுவைக் கற்களில் எருதைக் காணோம். சைவர் போற்றும் எருது காலிற் படலாகாதென்று அதனை நீக்கினர் என்பர்.