பெட்டி ஒன்று, கணக்கு நான்கு

காரிமங்கலத்தைத் தாண்டி கிருஷ்ணகிரிப் பக்கம் போகையில் டிரெய்லர் லாரிகள் ஒதுங்கி நிற்கிற டீக்கடை ஒன்று உண்டு. 2025 ஜூலையில் ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து காலி கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஆலைக்குப் போகும் டிரைவர் ஒருவர் டீக்குச் சொல்லிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் இருந்த மாந்தோப்புக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "துறைமுகத்துல கண்டெய்னர் லட்சக்கணக்குல ஏறிடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்குது. ஆலைக்காரரக் கேட்டா கப்பலே வரல, அதான் கூழு தேங்கிப்போச்சுங்கறாரு. ரெண்டுல எதைங்க நம்பறது?"

இரண்டையுமே அப்படியே நம்ப வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கடலே பார்க்காத தர்மபுரிக்குத் துறைமுகக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இந்த மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் விளையும் பெங்களூரா மாங்காய் கூழாகி சவூதிக்கும் நெதர்லாந்துக்கும் ஏமனுக்கும் போகிறது. இங்கே வெட்டும் கிரானைட்டும் கப்பல் ஏறுகிறது. அன்று தகடூர் எனப்பட்ட இந்த ஊரை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததாகப் புறநானூறு சொல்கிறது. வெளியூர்ச் சரக்கைப் பற்றிப் பேசுவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

"சென்னைத் துறைமுகம் ஆண்டுக்கு 15 லட்சம் கண்டெய்னர் அனுப்புகிறது"

இப்படி எழுதாத பத்திரிகை இல்லை. நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். துறைமுகங்கள் வெளியிடும் எண் பெட்டியின் எண்ணிக்கை அல்ல. அது டி.இ.யூ. என்ற அளவு. 20 அடிப் பெட்டி ஒரு டி.இ.யூ., 40 அடிப் பெட்டி இரண்டு. 40 அடிப் பெட்டிகள் அதிகம் புழங்கும் இடத்தில் 15 லட்சம் டி.இ.யூ. என்றால் உண்மையான பெட்டி அதைவிட வெகுவாகக் குறைவு. 'அனுப்புகிறது' என்பதும் தவறு. இறக்கியதையும் ஏற்றியதையும் கூட்டித்தான் கணக்கு எழுதுகிறார்கள். காலிப் பெட்டிக்கும் அதே கணக்குதான். உலகத் துறைமுகங்களில் நகரும் பெட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று காலியாகவே நகர்கிறது. 2025 மே மாதம் கேரளத்தின் விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் இருந்த 640 பெட்டிகளில் எழுபதுக்கு மேல் காலிப் பெட்டிகள்தான்.

டீக்கடையில் பார்த்த அந்தப் பெட்டியின் பின்னாலேயே போவோம். அது 20 அடிப் பெட்டி. ஆலையில் அதற்குள் 80 டிரம் ஏற்றுவார்கள், கீழே நாற்பது, மேலே நாற்பது. ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் கிருமி நீக்கிய பையில் 215 கிலோ கூழ். ஆக 17 டன்னுக்குச் சற்று மேல். சீல் வைத்து, இரவோடு இரவாக வேலூர் வழியாகச் சென்னை. அங்கே சின்னக் கப்பலில் ஏறும்போது ஒன்று. கொழும்பில் இறக்கும்போது ஒன்று, அங்கிருந்து ஐரோப்பா போகும் பெரிய கப்பலில் ஏற்றும்போது இன்னொன்று. ராட்டர்டாமில் இறங்கும்போது மற்றொன்று. கூழ் ஏற்றுமதி ஆனது ஒரு பெட்டி. உலகக் கணக்கில் நான்கு. அதுவே 40 அடிப் பெட்டியாக இருந்தால் எட்டு. எல்லாப் பெட்டியும் இப்படிப் போவதில்லை, சென்னையிலிருந்து நேரடியாகப் போகும் சேவைகளும் உண்டு. ஆனால் கொழும்பு 2024இல் கையாண்ட 77 லட்சத்துக்கும் மேற்பட்ட டி.இ.யூ.வில் ஐந்தில் நான்கு பங்கு போல இப்படிக் கப்பல் மாற்றிவிட்டவைதான். இலங்கைக்கென்று போன சரக்கு அதில் கொஞ்சம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் இந்தக் கணக்கில் வராது. கிரானைட் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். 20 அடிப் பெட்டியின் கொள்ளளவு 33 கன மீட்டர். இருபத்தைந்து டன் கல்லை வைத்ததும் எடை வரம்பு நெருங்கிவிடும், கதவைச் சாத்திவிட வேண்டியதுதான். உள்ளே கால்வாசி கல், முக்கால்வாசி காற்று. திருப்பூர் பனியன் ஏற்றிய பெட்டியில் எடை வரம்பைத் தொடும் முன்பே இடம் நிரம்பிவிடும். துறைமுகப் பதிவேட்டில் இரண்டும் ஒன்றுதான்.

"சென்னைத் துறைமுகம் தேய்ந்துகொண்டே போகிறது"

டன் கணக்கை மட்டும் பார்த்தவர்கள் சொல்வது இது. 2010-11இல் சென்னை 6 கோடி டன்னைத் தாண்டியது. 2013-14இல் 5 கோடி டன் சொச்சத்துக்கு இறங்கியது. நடுவில் நடந்தது என்ன? ராயபுரம் பக்கம் வீட்டு வாசலில் கரித்தூள் படிந்து கிடந்த காலம் அது. வழக்கு நடந்து, 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கரி, இரும்புத் தாது போன்ற தூசிச் சரக்குகளை அங்கே கையாளக்கூடாது என்றது. அக்டோபர் முதல் நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அதற்கு முன்பே கர்நாடகம் தாது ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. சென்னையின் டன் குறைந்ததற்கும் கண்டெய்னர் வியாபாரத்துக்கும் பெரிய தொடர்பில்லை. டன் கணக்கில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் பாரதீப்பில் கண்டெய்னர் மிகக் கொஞ்சம். அங்கே நிலக்கரியும் தாதுவும்தான்.

இன்னொரு குழப்பம், 'மேஜர் போர்ட்' என்ற சொல். தமிழில் அதைப் பெருந்துறைமுகம் என்று எழுதி, பெரிய துறைமுகம் என்று படித்துக்கொள்கிறோம். அது அளவைக் குறிக்காது, சட்டப் பிரிவைக் குறிக்கிறது. மத்திய அரசின் கீழ் இருந்தால் மேஜர். தமிழ்நாட்டில் சென்னை, எண்ணூர் காமராஜர், தூத்துக்குடி வ.உ.சி. என்று மூன்று. நாட்டின் மிகப் பெரிய கண்டெய்னர் துறைமுகங்களில் ஒன்றான முந்த்ரா இந்தப் பட்டியலில் இல்லை. 2013இல் திறந்த காட்டுப்பள்ளியும் இல்லை. சென்னையில் ஏற வேண்டிய பெட்டி முப்பது கிலோமீட்டர் வடக்கே காட்டுப்பள்ளியில் ஏறினால், மத்திய அரசின் மேஜர் துறைமுகப் பட்டியலில் அது காணாமல் போய்விடும். காரிமங்கலத்து ஆலைக்கு என்ன வித்தியாசம்? வண்டிக்கு அரை மணி, ஒரு மணி கூடுதலாகும், அவ்வளவுதான்.

"கப்பல் குறைந்தால் வியாபாரம் குறைந்தது"

1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போன ஐடியல் எக்ஸ் கப்பலில் 58 பெட்டிகள் இருந்தன. 2025 ஜூனில் விழிஞ்சத்தில் நின்ற எம்.எஸ்.சி. ஐரினா 24,346 டி.இ.யூ. கொள்ளும், நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். முன்பு பத்துக் கப்பல் சுமந்ததை இப்போது ஒன்றே சுமக்கும்போது, எத்தனை கப்பல் வந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. அந்தக் கப்பலிலும் எத்தனை பெட்டி ஏறி இறங்கியது என்பது வேறு கேள்வி. பெரிய கப்பல் வந்தாலே துறைமுகத்துக்கு வருமானம் கொட்டும் என்று சொல்பவர்கள் அதைக் கேட்பதில்லை.

"செங்கடல் சண்டையில் துறைமுகங்கள் ஈயோட்டின"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், மாந்தோப்புக்காரரின் கேள்வி இங்கேதான் இருக்கிறது.

2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூத்திகள் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்தார்கள். டிசம்பர் பாதிக்குள் பெரிய கண்டெய்னர் கம்பெனிகள் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் தெற்கு முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் கூடுதல். சூயஸ் கால்வாயில் 2023இல் 26,000க்கு மேல் கப்பல்கள் கடந்தன, 2024இல் சுமார் 13,200. எகிப்துக்கு அடி பலமானது. சவூதியின் ஜெத்தாவுக்கும் அப்படியே, ஏனென்றால் அது செங்கடலுக்குள்ளேயே இருக்கிறது. இந்தியாவிலிருந்து அங்கே போக சூயஸ் தேவையில்லை, பாப் எல் மண்டேப் நீரிணை தேவை. தாமாம், ஜெபல் அலி துறைமுகங்களில் பெட்டியை இறக்கி லாரியில் பாலைவனத்தைத் தாண்டி ஜெத்தாவுக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கம்பெனிகள் செய்தன.

ஆனால் மற்ற இடங்களில் துறைமுகக் கணக்கு ஏறியது. சிங்கப்பூர் 2023இல் 3.9 கோடி டி.இ.யூ., 2024இல் 4.1 கோடி. கொழும்பு 69 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 77 லட்சத்துக்கு மேல். வழி நீண்டு, கால அட்டவணை கலைந்தபோது கப்பல் கம்பெனிகள் வழக்கமான இடங்களைத் தாண்டிப் போயின. பெட்டிகளை இடையில் இறக்கி வேறு கப்பலுக்கு மாற்றின. ஒரே பெட்டி கூடுதல் கை மாறியது, ஒவ்வொரு கை மாறலும் கணக்கில் ஏறியது. 2024 மே, ஜூனில் சிங்கப்பூருக்கு வெளியே கப்பல்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. செய்தித்தாளில் அது சாதனை ஆண்டு. கூழ் அனுப்பியவருக்கு வாடகையும் வட்டியும் ஏறிய ஆண்டு.

அப்படியானால் 2025இல் மாங்காய் விலை சரிந்ததற்குக் கப்பல்தான் காரணமா? என் கணக்கில் அது பாதிக் காரணம்கூட இல்லை. கூழ் கெட்டுப்போகும் பண்டமில்லை. கிருமி நீக்கிய டிரம்மில் சாதாரண வெப்பத்திலேயே ஒன்றரை ஆண்டு தாங்கும். இரண்டு வாரத் தாமதம் அதைக் கொல்லாது. முந்தைய ஆண்டுக் கூழே கிடங்கில் மிச்சமிருந்தது, 2025 விளைச்சலும் அதிகம். ஆலைகள் வாங்கத் தயங்கின. கிலோ ஐந்தாறு ரூபாய்க்குக்கூடக் கேட்க ஆளில்லாமல் மரத்திலேயே விட்டவர்கள் இங்கே உண்டு. சித்தூரிலும் இதே கதைதான். ஆந்திர அரசு, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், தன் பங்காக 4 ரூபாய் தருகிறேன் என்று இறங்கி வந்தது. கப்பல்தான் சிக்கல் என்றால் அந்த 4 ரூபாய் கப்பல் வாடகைக்குப் போயிருக்க வேண்டும். விவசாயி கைக்குத்தான் போனது. கடலைக் காரணம் காட்டுவது ஆலைக்கு வசதி, கடல் எதிர்வாதம் செய்யாது.

"விழிஞ்சம் வந்தாச்சு, இனி கொழும்பு எதற்கு?"

2024 ஜூலையில் முதல் பெரிய கப்பலான சான் ஃபெர்னாண்டோ விழிஞ்சத்துக்கு வந்தது. 2025 மே 2 அன்று பிரதமர் முறைப்படி தொடங்கிவைத்தார். இயற்கை ஆழம், பன்னாட்டுக் கப்பல் பாதைக்கு மிக அருகாமை, எல்லாம் உண்மை. ஆனால் பெட்டியை எங்கே மாற்றுவது என்பதை ஏற்றுமதியாளர் முடிவு செய்வதில்லை, கப்பல் கம்பெனி முடிவு செய்கிறது. விழிஞ்சத்தை முதன்மையாகப் பயன்படுத்துவது எம்.எஸ்.சி. கம்பெனி. வேறு கம்பெனியில் புக் செய்தால் பெட்டி கொழும்பிலோ சிங்கப்பூரிலோதான் மாறும். இப்படிக் கப்பல் மாற்றும் இந்தியச் சரக்கில் முக்கால் பங்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில் மாறுகிறது என்பது மத்திய அரசே சொன்ன கணக்கு. அது மெல்லத்தான் குறையும். விழிஞ்சத்துக்கான ரயில் சுரங்கப்பாதைக்குக் குறித்திருக்கும் ஆண்டே 2028.

"தாமதம் எல்லாம் கடலில்"

உலக வங்கியின் 2023 அறிக்கைப்படி கண்டெய்னர் கப்பல் இந்தியத் துறைமுகத்தில் நிற்பது சராசரியாக 0.9 நாள். அதாவது ஒரு நாளுக்கும் குறைவு. பெட்டி துறைமுகத்தில் கிடப்பது மூன்று நாள் போல. அதற்கும் முன்னால் மணலியிலும் திருவொற்றியூரிலும் லாரி நிற்கும் நேரம் இந்த அறிக்கையில் வராது. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயர்மட்டச் சாலை போட 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022 மே மாதம் ஈரடுக்குச் சாலையாக மீண்டும் அடிக்கல். காரிமங்கலத்திலிருந்து வந்த டிரைவர் கேட்டுக்கு வெளியே நின்று, பெட்டி உள்ளே வர வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃபைத் தவறவிட்டால் பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும். ஆலைக்கு வரும் தகவல் என்னவோ 'கப்பல் போய்விட்டது' என்பதுதான்.

மாந்தோப்புக்காரருக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு வந்தேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒவ்வொரு கண்டெய்னரின் கதவிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். உங்கள் பக்கத்து ஆலையிலிருந்து கிளம்பும் பெட்டி ஒன்றின் எண்ணைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் கழித்து அதை ஏற்றிய கப்பல் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் ஏறியது, எங்கே இறங்கியது, எத்தனை நாள் கிடந்தது என்று வரிசையாக வரும். காசு கேட்க மாட்டார்கள்.