மின்விசிறிக்கு ஏற்ற மின்தேக்கி எது?

நெய்வேலியில் ஒரு சித்திரை மாதப் பிற்பகல். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான்.

“சார், எங்க வீட்டு ஃபேன் ரொம்ப மெதுவாச் சுத்துது. பழைய ஆம்ப்ளிஃபையர்லேருந்து இந்தக் கன்டென்சரைக் கழற்றினேன். 2.2 மைக்ரோஃபாரட். ஃபேனுக்கு 2.5 வேணுமாம். கிட்டத்தட்ட அதேதானே, மாட்டிடலாமா?”

“மாட்டாதே, தம்பி” என்றேன். ஏன்?

கன்டென்சர் என்று கடைகளில் கேட்கும் மின்தேக்கியில் இரண்டு உலோகத் தகடுகளும், இடையே ஒரு மின்காப்புப் பொருளும் உண்டு என்பதை நாம் அறிவோம். அந்தக் காப்பு மெல்லிய பிளாஸ்டிக் படலமானால், அது படல மின்தேக்கி. படலத்தின் மேல் உலோக ஆவியைப் படியவைத்து, பாய்போல் சுருட்டி இதைச் செய்கிறார்கள். மாணவன் கொண்டுவந்தது பாலியெஸ்டர் படலம். தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்தான் அது. விசிறிக்கு உரியது பாலிபுரோப்பிலீன். உர மூட்டைச் சாக்கு நெய்யும் பிளாஸ்டிக்.

முதலில் மின்னழுத்தத்தைப் பார்ப்போம். அவனுடைய மின்தேக்கி 250 வோல்ட் நேர்மின்னழுத்தத்துக்கு உரியது. வீட்டில் 230 வோல்ட்தானே என்று எண்ணிவிடக்கூடாது. 230 என்பது பயனுறு மதிப்பு. அதன் உச்சமோ சுமார் 325 வோல்ட். மேலும், விசிறியின் துணைக் கம்பிச்சுற்றோடு மின்தேக்கி தொடராக இணைந்திருப்பதால், அதன் முனைகளில் வீட்டு மின்னழுத்தத்தையும் மிஞ்சிய அழுத்தம் ஏற்படும். ஆகவேதான் விசிறி மின்தேக்கியில் ‘440 வோல்ட் மாறுமின்னழுத்தம்’ எனக் குறித்திருப்பார்கள்.

அடுத்தது வெப்பம். நம் அனல்மின் நிலையத்தின் சுழலி நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழல்கிறது. அதனால் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. பாலியெஸ்டர் மூலக்கூறில் மின்னூட்டம் சற்று ஏறியும் இறங்கியும் இருக்கும் பகுதிகள் உண்டு. திசை மாறும் ஒவ்வொரு முறையும் அவை திரும்ப முயல்கின்றன. அந்த உராய்வு வெப்பமாகிறது. பாலிபுரோப்பிலீனில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பாலியெஸ்டரில் வீணாகும் ஆற்றல் சுமார் பத்து மடங்கு.

அப்படியானால் பாலியெஸ்டர் மட்டமானதா? இல்லை. அந்தத் திரும்பும் பகுதிகளால்தான் அதன் மின்காப்பு மாறிலி 3.3 ஆக உயர்கிறது, பாலிபுரோப்பிலீனுக்கு 2.2தான். எனவே சிறிய உருவில் அதிக மின்தேக்குதிறன் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் அது நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, சிறிய ஒலிச் சைகையை மட்டும் விட்டால் போதும். அங்கே அது சூடேறுவதில்லை. ஒரே குணம் ஓரிடத்தில் நன்மை, வேறிடத்தில் தீமை!

சரி, விசிறி ஏன் மெதுவாயிற்று? படலத்தில் எங்கேனும் மின்பொறி துளையிட்டால், அதைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகி விலகிவிடும், குறுக்குச்சுற்று நின்றுபோகும். காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் இந்தப் பண்புக்கு விலையும் உண்டு: ஒவ்வொரு முறையும் தகட்டின் பரப்பு சிறிது குறைகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மின்தேக்குதிறன் குறைந்து, விசிறியும் தளர்கிறது.

ஆகவே மின்தேக்கி வாங்கும்போது மைக்ரோஃபாரட்டை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை வோல்ட், நேர்மின்னழுத்தமா மாறுமின்னழுத்தமா, எந்தப் படலம் என்றும் பாருங்கள். மாற்றும் வேலையை மின்பணியாளரிடமே விடுங்கள். இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும்.

மறுநாள் அவன் வீட்டில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் மின்தேக்கியைப் பொருத்தினார்கள். கழற்றிய பழையதை, மின்னிறக்கம் செய்தபின், கல்லூரி ஆய்வகத்தில் அளந்தோம். 2.5 என அச்சிட்டிருந்த அதில் எஞ்சியிருந்தது 1.4 மட்டுமே.