கிராண்ட் கேமனில் கட்டுப்படியாகும் ஸ்கூபா

கேள்வி: கிராண்ட் கேமன் தீவில் ஒரு வாரம் ஸ்கூபா டைவிங் செய்ய ஆசை. செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் விலைப் பட்டியலைக் கவனித்துப் படியுங்கள். ஒரு கேமன் டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர். 100 என்று போட்டிருந்தால் 120 எடுத்து வைக்க வேண்டும். சாப்பாட்டுச் சாமான் பெரும்பாலும் இறக்குமதிதான். மூன்று வேளையும் ஓட்டல் என்றால் கட்டுப்படியாகாது, சமையலறை உள்ள வீடாக எடுங்கள்.

படகு டைவ்களைக் குறையுங்கள். ஜார்ஜ் டவுன் கரையை ஒட்டியே ஈடன் ராக், டெவில்ஸ் கிராட்டோ இரண்டும் இருக்கின்றன. சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கிச் சற்று நீந்தினால் பவளப்பாறைக் குகைகள். கோடையில் அவற்றுக்குள் வெள்ளிப் பொடிமீன்கள் அடைத்துக்கொண்டு நிற்கும். பெரிய டார்பன் மீன் பாய்ந்தால் திரை போல விலகி மறுபடி மூடும். இதற்காகவே போகலாம். படகுக் காசை 2011-ல் மூழ்கடிக்கப்பட்ட கிட்டிவேக் கப்பலைப் பார்க்க வையுங்கள்.

மே மாதம் வாடகை இறங்கியிருக்கும், புயல் பருவமும் தொடங்கியிருக்காது. கடைசி டைவுக்குப் பின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்ப எடுங்கள்.