ரிமோட் வண்டிக்கு எந்தக் கட்டுப்படுத்தி?

புத்தகப் பெட்டிகளை மண்டபத்துக்கு ஏற்றிச் செல்ல ஒரு ரிமோட் வண்டி செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்கலம் 12 வோல்ட். இடப்பக்கம் ஒரு மோட்டார், வலப்பக்கம் ஒரு மோட்டார். சமதளத்தில் ஓடும்போது ஒவ்வொன்றும் 3 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. அப்படியானால், 5 ஆம்பியர் தாங்கும் கட்டுப்படுத்தி போதும் அல்லவா?

போதாது. சக்கரம் வாசற்படியில் முட்டி நின்றால், சில நொடிகளிலேயே அது கருகிவிடலாம்.

நின்றால்தான் சுமை

சுழலும் மோட்டார் ஒரு மின்னாக்கியாகவும் செயல்படுகிறது. அது உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம், மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டத்தைக் குறைக்கிறது. சக்கரம் நின்றதும் எதிர் மின்னழுத்தம் சுழியமாகிவிடும். பிறகு மின்னோட்டத்தைத் தடுப்பது, பெரும்பாலும் கம்பிச்சுருளின் மின்தடை மட்டுமே.

அந்த மின்தடையை மல்டிமீட்டரால் அளக்கலாம். முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள். 0.2 ஓம் காட்டினால், அது கம்பிகளின் மின்தடை. பிறகு மோட்டாரை அளக்கும்போது 0.8 ஓம் காட்டினால், மோட்டாரின் மின்தடை 0.6 ஓம்.

ஓம் விதிப்படி: 12 ÷ 0.6 = 20 ஆம்பியர்.

வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 3 ஆம்பியர் 20 ஆனால், கம்பிச்சுருளில் உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய 44 மடங்கு! முழு வேகத்தில் ஓடும் வண்டியைத் திடீரெனப் பின்னோக்கித் திருப்பினால், மின்னோட்டம் ஒரு கணம் 20ஐயும் தாண்டும். எனவே, இந்த வண்டிக்கு ஒரு மோட்டாருக்குத் தொடர்ந்து 30 ஆம்பியர் தாங்கும் கட்டுப்படுத்தியே பொருத்தம். மலிவாகக் கிடைக்கும் எல்298என் பலகை ஒரு மோட்டாருக்கு 2 ஆம்பியர்தான் தரும். சிறு பொம்மைக்கு அது சரி, சுமை வண்டிக்கு ஆகாது.

வாங்கும்போது ‘உச்சம்’ என்று எழுதிய எண்ணை நம்பாதீர்கள். ‘தொடர்ந்து’ எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். மின்கலத்துக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸையும் பொருத்துங்கள்.

சமிக்ஞை அறுந்தால்?

இப்போதைய ரிமோட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. ரிசீவர் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு மின்துடிப்பாகக் கட்டுப்படுத்திக்கு அனுப்பும். துடிப்பின் நீளம் 1.5 மில்லிவினாடி என்றால் ‘நில்’. 2 என்றால் முழு வேகத்தில் ஒரு திசை. 1 என்றால் எதிர்த்திசை. உங்கள் கட்டுப்படுத்தி இத்துடிப்பை ஏற்குமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ரிமோட்டின் மின்கலம் தீர்ந்துபோனால் வண்டி என்ன செய்யும்? சில ரிசீவர்கள் கடைசிக் கட்டளையையே தொடர்ந்து அனுப்பும். வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, நீங்கள் பதறும் மூன்று வினாடிக்குள் 4.5 மீட்டர் ஓடிவிடும். எதிரே ஒரு சிறுவன் நின்றால்?

ஆகவே, சமிக்ஞை அறுந்ததும் ‘நில்’ என்று கட்டளையிடும் பாதுகாப்பு வசதி உள்ள ரிசீவரையே தேர்ந்தெடுங்கள். வண்டியை முதன்முதலாகத் தரையில் விடுமுன், சக்கரங்கள் தரையைத் தொடாதபடி அதைக் கட்டைமேல் நிறுத்துங்கள். சக்கரங்களை ஓடவிட்டு, ரிமோட்டை அணையுங்கள். அவை உடனே நிற்கவேண்டும். நிற்காவிட்டால், வண்டி இன்னும் தயாராகவில்லை.

முயன்று பாருங்கள்: 24 வோல்ட் மின்கலம், 0.8 ஓம் மோட்டார். சக்கரம் சிக்கி நின்றால் மின்னோட்டம் எவ்வளவு?

(விடை: 30 ஆம்பியர்)